பன்னிரண்டு பேர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன்

டொபீகா,
8 செப்டம்பர் 1996

அன்புள்ள வெண்டல்,

உன் வக்கீல் பிரிஸ்டோ நேற்று தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்க தம்பி சரின்னும் சொல்ல மாட்டேங்கறாரு, முடியாதுன்னும் சொல்ல மாட்டேங்கறாரு. நான் பேசப் பேச வேலிக் கம்பியையே பாத்துக்கிட்டு நிக்கறாரு" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். நேரில் வந்து சொன்னால் மாட்டுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போய்விடுவாய்.

ஜூரி வேண்டாம், ஊர்க்காரர் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று எழுதிக் கொடு. நீதிபதி ஒருவரே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லட்டும்.

நான் இருபத்திரண்டு வருடமாகக் கோர்ட்டில் சுருக்கெழுத்து இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வக்கீல்கள் ஜூரிக்கு முதுகைக் காட்டி நிற்கும்போதும் நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள். சட்டத்தைப் பற்றி நீதிபதி சொல்லும்போது அவர்கள் நகத்தைப் பார்க்கிறார்கள். இறந்தவரின் மகள் சாட்சிக் கூண்டில் ஏறும்போது நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

உன் வழக்கில் அந்த மகள் யார்? லோரீன் ஆட்வாட்டரின் மகள். லோரீன் முப்பது வருடம் ஹாலோவே சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். அந்த ஊரில் அவர் வாசிக்காமல் ஒரு கல்யாணம் நடந்திருக்கிறதா? ஏப்ரலில் நீ உன் நிலத்தில் வைத்த தீயின் புகை நெடுஞ்சாலையை மூட, அவரும் அவர் கணவரும் அதற்குள் காரை ஓட்டி, நின்றிருந்த மாட்டு லாரியில் மோதிச் செத்தார்கள். மெரிட் கவுண்டியில் எந்தப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்தாலும் பாதிப் பேர் அவர் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்களாக இருப்பார்கள். இறுதிச் சடங்கு அன்று பெட்ரோல் போட நின்றேன். நான் உன் அக்கா என்று தெரியாமல் ஒரு பெண் சொன்னாள்: "அவனையும் அந்தப் புகைக்குள்ளயே ஓட விட்டிருக்கணும்." நான் மீதிச் சில்லறையை வாங்காமல் வந்துவிட்டேன்.

உள்ளூர் நீதிபதி விலகிக்கொண்டார். வெளியூரிலிருந்து வருபவருக்கு லோரீன் யார் என்று தெரியாது. அதுதான் நமக்கு வேண்டும்.

லீதா

*

ஹாலோவே,
15 செப்டம்பர்

அக்கா,

கடிதம் கிடைத்தது. நீ சொல்வதெல்லாம் சரியாக இருக்கலாம். ஊர் என்ன நினைக்கிறது என்று எனக்கும் தெரியும். இரும்புக் கடை ரூபர்ட் மீதிச் சில்லறையை என் கையில் கொடுப்பதில்லை, மேஜையில் வைத்துத் தள்ளுகிறான். சர்ச்சில் நான் உட்காரும் வரிசை காலியாக இருக்கிறது. இப்போது நான் போவதில்லை.

ஆனாலும் எனக்கு அந்தப் பன்னிரண்டு பேர் வேண்டும்.

நீ பதினெட்டு வயதில் இங்கிருந்து போனவள். மறந்திருப்பாய். இங்கே ஏப்ரல் மாதம் மேய்ச்சல் நிலத்துக்குத் தீ வைக்காதவன் கிடையாது. பழைய புல் எரிந்தால்தான் புதுப்புல் வரும். அந்தப் பன்னிரண்டு பேரில் பத்துப் பேராவது தீக்குடுவையைக் கையில் பிடித்து எண்ணெய் சொட்டவிட்டுக்கொண்டே நடந்தவர்களாக இருப்பார்கள். காற்று என்றால் என்ன என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு என்மேல் கோபம் இருக்கட்டும். கோபத்தோடு கேட்டாலும் கேட்க வேண்டியதைக் கேட்பார்கள்.

இன்னொன்று. நீதிபதி மட்டும் விசாரிக்கலாம் என்பதற்கு அரசுத் தரப்பு வக்கீலும் சம்மதிக்க வேண்டும். பிரிஸ்டோ கேட்டதும் அந்த ஆள் யோசிக்கவே இல்லையாம். "தாராளமா" என்றாராம். பிரிஸ்டோவுக்கு அதில் சந்தோஷம். எனக்கு இல்லை. நான் விற்க நினைக்கும் காளையை ஒருவன் வாயைக்கூடத் திறந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டால் எனக்கு அன்று இரவு தூக்கம் வராது.

வெண்டல்

*

டொபீகா,
29 செப்டம்பர்

வெண்டல்,

காளை மாடும் கோர்ட்டும் ஒன்றல்ல. அரசு வக்கீலுக்கும் வேலை மிச்சம், அவ்வளவுதான்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னால்தான் குற்றம் நிரூபணம், ஒருவர் மறுத்தாலும் போதும் என்று பிரிஸ்டோ சொல்லியிருப்பார். அந்த ஒருவர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் மாலை வரை மறுப்பார். இரண்டாம் நாள் மதியச் சாப்பாடு வந்ததும் வீட்டுக்குப் போக ஆசைப்படுவார். நான் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை, 7-ஆம் தேதி, விசாரணை அறையில் முதல் வரிசையில் இருப்பேன். நீதிபதி வரிசையாகக் கேள்வி கேட்பார். ஜூரி உன் உரிமை என்று தெரியுமா, வக்கீலிடம் கலந்து பேசினாயா, மருந்து ஏதாவது சாப்பிட்டிருக்கிறாயா, யாராவது உன்னை வற்புறுத்தினார்களா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று சொல். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அது ஒரு சடங்கு.

இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள். கேட்காவிட்டால் இந்த வழக்கில் எனக்கு இனிப் பேச்சில்லை. தண்டனை கிடைத்தால் என் முகத்தில் விழிக்காதே.

லீதா

*

மெரிட் கவுண்டி ஜெயில்,
3 டிசம்பர்

அக்கா,

தீர்ப்பு வந்த அன்று நீ பனியில் மாட்டிக்கொண்டு வர முடியவில்லை என்று பிரிஸ்டோ சொன்னார். என்ன நடந்தது என்று நானே எழுதிவிடுகிறேன்.

இரண்டு சாவுக்கும் குற்றவாளி. தண்டனை ஜனவரியில்.

நீதிபதி நல்ல மனிதர்தான். யாரையும் அதட்டவில்லை. நாலு நாளும் மஞ்சள் தாளில் எழுதிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் தீயணைப்பு நிபுணரிடம் அவரே ஒரு கேள்வி கேட்டார்: "புல்லு அதிகமா இருந்தா இயந்திரம் வச்சு வெட்டிடலாமே, எதுக்கு எரிக்கறாங்க?" பின்னால் பார்வையாளர் வரிசையில் முப்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னை வெறுக்கிறவர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள் அக்கா. ஏழு மாதத்தில் முதல் தடவையாக, தங்களில் ஒருவனைப் பார்ப்பது போல.

என்னைக் கூண்டில் ஏற வேண்டாம் என்று பிரிஸ்டோ சொல்லிவிட்டார். "அவங்க பக்கம் ஆதாரம் பலவீனமா இருக்கு. நீங்க வாயத் தொறந்து அதுக்கு ஊட்டம் குடுக்காதீங்க" என்றார். அதனால் நான் பேசவே இல்லை.

தீர்ப்பு மொத்தமும் வானிலை அறிக்கையைப் பற்றி. தெற்கிலிருந்து வீசும் காற்று மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வடக்கிலிருந்து வீசும் என்று காலையிலேயே வானொலியில் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு அன்றைக்குத் தீ வைத்ததே அலட்சியம், பொறுப்புள்ள எவனும் அப்படிச் செய்யமாட்டான் என்று படித்தார். ஐந்து மணிக்குத் திரும்பும் காற்றுக்கு மூன்று மணிக்குள் எரித்து முடிப்பதுதான் இங்கே வழக்கம். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். அன்று காற்று சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்பிவிட்டது. அந்தத் தீர்ப்புப்படி பார்த்தால் இந்தக் கவுண்டியில் எல்லாரும் குற்றவாளி.

நன்றி கூறும் நாளன்று இங்கே வான்கோழி கொடுத்தார்கள். தின்ன முடியவில்லை.

வெண்டல்

*

டொபீகா,
16 பிப்ரவரி 1997

வெண்டல்,

இது நான்காவது கடிதம். முதல் மூன்றையும் நீ வாங்கிக்கொண்டாய் என்று சிறை அலுவலகத்தில் சொன்னார்கள். பதில் இல்லை. போன சனிக்கிழமை மூன்று மணி நேரம் காரோட்டி வந்தேன். காவலர் உள்ளே போய்விட்டு வந்து, "பாக்க விருப்பமில்லையாம் அம்மா" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

முப்பத்திரண்டு மாதமும் முப்பத்திரண்டு மாதமும், ஒன்றன்பின் ஒன்றாக. நீதிபதி அதைப் படித்தபோது நீ திரும்பி என்னைப் பார்த்தாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ என்னைத் தெரியாதவளைப் போலப் பார்த்தாய்.

நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது கோர்ட் மட்டும்தான் என்பதை நான் யோசிக்கவில்லை.

இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.

லீதா

*

சிறை,
9 மார்ச்

அக்கா,

திட்டச் சொன்னாய். எழுதுகிறேன்.

சாலைக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் மெர்ல் கின்னமன் என்னைப் பார்க்க வந்தார். ஊரிலிருந்து வந்த முதல் ஆள். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, சர்ச்சுக்குப் போவது போல வந்திருந்தார். பத்து நிமிடம் கன்றுகளைப் பற்றிப் பேசினார். பிறகு சொன்னார்: "எனக்கு ஜூரிக்கு வரச் சொல்லிக் கடுதாசி வந்துச்சு, வெண்டல். உனக்குத் தெரியுமா? நவம்பர் பதினெட்டாம் தேதி ஒன்பது மணிக்கு. அப்புறம் இன்னொரு அட்டை வந்துச்சு, வர வேண்டாம்னு."

"லோரீன் உங்களுக்குத் தூரத்துச் சொந்தமாச்சே. உங்கள எடுத்திருக்க மாட்டாங்க" என்றேன்.

"இருக்கலாம். ஆனா கடுதாசி வந்த எல்லாரும் காப்பிக் கடையில உக்காந்து பேசினோம். ரூபர்ட்டுக்கும் வந்திருந்துச்சு. அவன் என்ன சொன்னான்னா, உன்மேல எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அந்த வானிலை அறிக்கைக்காக ஒருத்தன உள்ள தள்ள மாட்டேன்னான். அன்னிக்கு அவனும்தான் தீ வச்சான். நானும்தான்." பிறகு, "எங்கள வேண்டாம்னு நீதான் எழுதிக் குடுத்தியாமே? ஏன்ப்பா? எங்க மேல நம்பிக்கையில்லையா?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்வது? என் அக்கா உங்களை நம்பவில்லை என்றா?

இங்கே என் அறைக்கு ஜன்னல் இருக்கிறது. மார்ச் மாதப் புகை வாசனை வருகிறது. எந்த ஊர் என்று தெரியவில்லை. எல்லாரும் எரிக்கிறார்கள். அக்கா, என் வீடும் நிலமும் போனால் போகட்டும். நான் முகம் தெரிந்தவர்கள் முன்னால் நிற்க வேண்டியவன். நீ என்னை ஒரு அந்நியன் முன்னால் நிற்க வைத்தாய். அவர்களிடம் போய் நான் உங்களை வேண்டாமென்றேன் என்று சொல்லவும் வைத்தாய். இனி நான் வெளியே வந்தாலும் அந்த ஊருக்கு என்ன முகத்தோடு போவேன்?

வராதே. எழுதாதே.

வெண்டல்

*

டொபீகா,
22 மே

வெண்டல்,

எழுதாதே என்றாய். இது உன் வழக்கைப் பற்றியது, அதனால் எழுதுகிறேன்.

அக்டோபர் 7-ஆம் தேதி விசாரணையின் பதிவை வாங்கினேன். ஆறு பக்கம். எழுதியவள் எனக்குத் தெரிந்த பெண்தான், நல்ல வேலைக்காரி. ஒரு எழுத்துப் பிழை இல்லை. நீதிபதி பதினோரு கேள்வி கேட்கிறார். நீ பதினோரு பதில் சொல்கிறாய். கடைசிக் கேள்வி: "இந்த முடிவெடுக்க யாராவது உங்கள வற்புறுத்தினாங்களா?" அடுத்த வரி: "இல்ல ஐயா."

அப்படியா நடந்தது? நான் முதல் வரிசையில் இருந்தேன். நீ கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றாய். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன். பிரிஸ்டோ பேனாவை மேஜையில் தட்டினார். பிறகுதான் நீ சொன்னாய். இது எதுவும் தாளில் இல்லை. நாங்கள் பேச்சை மட்டும்தான் எழுதுவோம். பேசாமல் நின்றதை எழுதுவதில்லை. நானும் இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட எழுதியதில்லை. எத்தனை பேர் என் முன்னால் அப்படி நின்றிருப்பார்கள் என்று இப்போது எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

புது வக்கீல் ஒருவரைப் பார்த்தேன், மேரியன் ஹூப்ஸ் என்று பெயர். நீ மனமாரச் சம்மதிக்கவில்லை என்று நிரூபித்தால் தீர்ப்பை ரத்து செய்து ஜூரியோடு மறுவிசாரணை கேட்கலாம் என்கிறார். நிரூபிக்க ஒரே சாட்சி நான். நான் வற்புறுத்தினேன், நீதிபதியிடம் பொய் சொல்லச் சொன்னேன் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்துவிட்டேன். என் செப்டம்பர் 29 கடிதம் உன் சாமான்களோடு இருந்தால் அவருக்கு அனுப்பு.

"இதோட உங்க வேலை போயிடும், தெரியுமில்ல?" என்று மேரியன் கேட்டார். தெரியும் என்றேன்.

லீதா

*

சிறை,
13 ஜூலை

அக்கா,

கடிதத்தை மேரியனுக்கு அனுப்பிவிட்டேன். அதை வைத்திருந்தேன், கிழிக்கவில்லை.

நீ வேலையை விட வேண்டாம் என்று எழுத நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. எனக்கு அது வேண்டும். மறுவிசாரணை என்ற வார்த்தையைப் படித்த நாளிலிருந்து சாப்பிடுகிறேன். இஸ்திரி போட்ட சட்டையோடு மெர்ல் ஜூரிப் பெட்டியில் உட்கார்ந்திருப்பது போலப் பகலிலேயே நினைத்துக்கொள்கிறேன். அவரை எடுக்கமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும்.

அடுத்த மாதம் பார்க்க வரலாம். சனிக்கிழமை கூட்டம் அதிகம். ஞாயிறு வா.

வெண்டல்

*

டொபீகா,
8 பிப்ரவரி 1998

என் வெண்டல்,

மேரியன் உனக்கு நேரில் சொல்லியிருப்பார். என் கையாலும் எழுத வேண்டும்.

விண்ணப்பம் தள்ளுபடி.

விசாரணையில் முதல் தடவையாகச் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அரசு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்க அவர் கையப் புடிச்சா எழுத வச்சீங்க?"

"இல்ல."

"அவருக்கு நாப்பத்திமூணு வயசு, இல்லையா?"

"ஆமா."

"பதில் சொல்றதுக்கு முன்னாடி தயங்கினார்னு சொல்றீங்க. எவ்வளவு நேரம்?"

"தெரியல. ரொம்ப நேரம்."

"பதிவுல அப்படி எதுவும் இல்லையே?"

"அத எழுதறதில்ல."

"நீங்க எழுதுவீங்களா?"

"எழுதினதில்ல."

அதோடு உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு மூன்று பக்கம். குடும்பத்தார் சொல்லும் யோசனை, அது எவ்வளவு கடுமையாக இருந்தாலும், வற்புறுத்தல் ஆகாது. மனுதாரருக்கு உரிமை தெளிவாக விளக்கப்பட்டது. தெளிவாகப் பதில் சொன்னார். பதிவு அப்படித்தான் காட்டுகிறது. இதற்குமேல் மேல்முறையீடு போகலாம், ஆனால் போகச் சொல்ல மனம் வரவில்லை என்கிறார் மேரியன்.

வேலையிலிருந்து நானே விலகிவிட்டேன். தலைமை நீதிபதி கூப்பிட்டு, "உங்கள வெளிய அனுப்ப எனக்கு மனசில்ல லீதா. ஆனா நாளைக்கு ஒரு வக்கீல் எழுந்து, பொய் சொல்லச் சொன்னவங்க எழுதின பதிவு இதுன்னு சொன்னா நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார். அவர் சொன்னது சரிதான்.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி எழுதி அடித்துவிட்டேன்.

லீதா

*

சிறை,
1 மார்ச்

அக்கா,

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கடிதங்களைக் காவலர்கள் படிப்பார்கள். படிக்கட்டும்.

அந்த ஏப்ரல் நாளில் வடக்கு ஓரம் முழுவதும் காலையிலேயே எரித்துக் கருப்பாக்கிவிட்டேன். அது சரியாக நடந்தது. பிறகு தெற்கு ஓரத்தில், நெடுஞ்சாலைப் பக்கம், கிழக்கிலிருந்து மேற்காகத் தீ வைத்துக்கொண்டு நடந்தேன். இன்னும் கால் மைல் பாக்கி. அப்போது காற்று நின்றது.

குறையவில்லை, நின்றது. புகை நேராக மேலே போனது. வெட்டுக்கிளிச் சத்தம் கேட்டது. அப்படிக் காற்று நின்றால் திரும்பப் போகிறது என்று அர்த்தம். அது வானொலியில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் தீக்குடுவையைக் கீழே வைத்திருக்க வேண்டும். அதுவரை வைத்த தீயை அணைக்கப் போயிருக்க வேண்டும். நான் மிச்சத்தைப் பார்த்தேன். கால் மைல்தானே, பன்னிரண்டு நிமிடம் என்று நினைத்தேன். நடந்தேன். ஆட்வாட்டர்கள் வந்த வளைவுக்கு எதிரே இருப்பது அந்தக் கால் மைல்தான்.

இதைக் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. அரசு வக்கீலுக்குக் கேட்கத் தெரியாது. நீதிபதிக்கும் தெரியாது. பிரிஸ்டோவும் கேட்டதில்லை. ஜூரி பேச முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். காத்து நின்னுச்சா என்ற கேள்வி அத்தனை முகத்திலும் இருந்திருக்கும். பிரிஸ்டோ தடுத்தாலும் நான் கூண்டில் ஏறிச் சொல்லியிருப்பேன். அவர்களில் ஒவ்வொருவனும் அந்தக் கால் மைலை ஒரு தடவையாவது நடந்திருப்பான். எனக்குக் காற்று திரும்பியது, அவர்களுக்குத் திரும்பவில்லை. அதைத் தெரிந்துகொண்டு என்னைக் குற்றவாளி என்று சொல்லியிருந்தால் நான் இந்த அறையில் நிம்மதியாக இருந்திருப்பேன். இல்லை என்று விட்டிருந்தாலும் அதில் ஒரு அர்த்தம் இருந்திருக்கும். இப்போது நான் செய்யாத தவறுக்கு உள்ளே இருக்கிறேன். செய்த தவறு அப்படியே என்னிடம் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

இந்தக் கடிதத்தை மெர்லிடம் படித்துக் காட்டு. ரூபர்ட்டும் கூட இருந்தால் நல்லது. என்ன சொல்கிறார்கள் என்று எழுது. எதுவானாலும் எழுது.

வெண்டல்

*

ஹாலோவே,
19 ஏப்ரல்

வெண்டல்,

மூன்று நாளாக நம் வீட்டில் இருக்கிறேன். நேற்றுக் காலை காப்பிக் கடைக்குப் போனேன். மெர்ல், ரூபர்ட், இன்னும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லார் மேலும் புகை வாசனை. எனக்கு நாற்காலி போட்டார்கள். உன் கடிதத்தை எடுத்து, "வெண்டல் உங்ககிட்ட படிச்சுக் காட்டச் சொன்னான்" என்றேன்.

மெர்ல் கையை நீட்டினார். வாங்கிப் படிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தாளை இருந்த மடிப்பிலேயே மடித்து, மறுபடியும் உறையில் போட்டு, என் பக்கம் வைத்தார்.

"என்ன எழுதியிருப்பான்னு எனக்குத் தெரியும், லீதா. அன்னிக்கு ரெண்டே காலுக்கு என் நிலத்துலயும் காத்து நின்னுச்சு. நான் குடுவையக் கீழ வச்சேன்" என்றார். "அத நான் இப்பக் கேட்டேன்னா ஒரு பதில் சொல்லணும். சொல்லச் சொல்லிக் கவுண்டி எங்களக் கூப்பிட்டப்ப, வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டீங்க. இப்ப லோரீனோட மக அடுத்த தெருவுல இருக்கா. காப்பிக் கடையில உக்காந்து அவ அம்மா சாவுக்கு நாங்க எப்படித் தீர்ப்புச் சொல்றது?"

ரூபர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். என் காப்பிக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கடைக்காரி வேண்டாமென்றாள்.

நீ எதுவானாலும் எழுதச் சொன்னாய். அதனால் எதையும் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். உனக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து வெளி வாசலில் உட்கார்ந்து யோசிக்கிறேன். நீ குற்றவாளியா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. காற்று நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பேச வேண்டாம். மூன்று மணி வரை எதிரே உட்கார விடுவார்கள்.

லீதா